1972 ஃபோர்டு எஃப்-250: கதவுத் தகடு ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது

#1 செல்வன்_சாக்

எல்லாருக்கும் வணக்கம். சாக்ரமெண்டோவுக்கு வெளியே ஒரு பண்ணையில ரொம்ப காலமா நின்ன 1972 ஃபோர்டு எஃப்-250 பிக்கப் விலைக்கு வந்திருக்கு. விற்கிறவர் "390 எஞ்சின், கேம்பர் ஸ்பெஷல் (பின்னாடி கேம்பர் வீடு ஏத்துறதுக்கான பொதி), எல்லாம் ஃபேக்டரில வந்தபடி"ன்னு சொல்லி அதுக்கேத்த விலையும் சொல்றார். ஆதாரம்னு அவர் காட்டுறது டிரைவர் கதவு விளிம்புல இருக்கிற தகடு. அதுல இருக்கிறதை அப்படியே எழுதுறேன், கடைசி எண்களை மட்டும் மறைச்சிருக்கேன்:

வாரண்டி நம்பர்: எஃப்25 எச் ஆர் என்•••••
வீல்பேஸ்: 131
கலர்: எம்
மாடல்: எஃப்250
டிரான்ஸ்மிஷன்: ஜி
ஆக்சில்: தேஞ்சிருக்கு. ரெண்டு எண், எழுத்து எதுவும் இல்லை
அதிகபட்ச மொத்த எடை: 7500
டி.எஸ்.ஓ.: 74

ஆனா வண்டில தரையிலேர்ந்து நீளமா 4 ஸ்பீடு கியர் ராடு நிக்குது. பெயின்ட் நீலம். இந்த வண்டி பிறந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு இந்தத் தகட்டை வெச்சு சொல்ல முடியுமா?

#2 பழைய இரும்பு

முடியும், தகட்டில் உள்ளதை மட்டும் முதலில் படிக்கிறேன். மற்றது பிறகு.

வாரண்டி நம்பர்தான் வண்டியின் அடையாள எண். அதில் எஃப்25 என்றால் எஃப்-250, இரண்டு சக்கர ஓட்டம். நான்கு சக்கர ஓட்டமாக இருந்தால் எஃப்26 என்று வரும். அடுத்த எழுத்து எஞ்சின், கன அங்குலக் கணக்கில். அந்த வருடத்தில் எச் என்றால் 390 வி8, ஒய் என்றால் 360 வி8, ஜி என்றால் 302, ஏ, பி இரண்டும் ஆறு சிலிண்டர் (240, 300). அடுத்தது கூட்டிய ஆலை. ஆர் என்றால் சான் ஹோசே ஆலை. பெயர்தான் சான் ஹோசே, இருந்தது மில்பிடாஸில். 1955-ல் திறந்து 1983-ல் மூடினார்கள். இப்போது அங்கே இருப்பது கிரேட் மால். பே ஏரியாத் தமிழர்கள் தீபாவளிக்கு முன் பார்க்கிங் தேடிச் சுற்றுகிற அதே இடம்தான்.

கடைசி ஆறில் முதல் எழுத்து வரிசையாக நகரும். என் என்பது 1972 மாடலுக்குப் பொருந்துகிறது. 131 அங்குல வீல்பேஸ் என்றால் எட்டடிப் பெட்டி. எம் என்றால் விம்பிள்டன் ஒயிட். டிரான்ஸ்மிஷன் ஜி என்றால் சி6 ஆட்டோமேட்டிக். ஆக்சில் எண்ணில் எழுத்து இல்லை என்றால் சாதாரண டிஃபரன்ஷியல், லிமிடெட் ஸ்லிப் இல்லை. டி.எஸ்.ஓ. 74 என்றால் சியாட்டில் மாவட்ட விற்பனை அலுவலகம் கேட்ட வண்டி. அந்த இரண்டு இலக்கத்துக்குப் பிறகு இன்னும் எண்கள் இருந்தால் ஏதோ சிறப்பு ஆர்டர் என்று அர்த்தம். உங்களுடையதில் இல்லை.

ஆக தகட்டுக் கணக்கில் இது வெள்ளை நிற, ஆட்டோமேட்டிக், 390 எஃப்-250. நீங்கள் பார்த்த வண்டி நீலம், மேனுவல். பெயின்டும் கியர்பாக்ஸும் ஐம்பது வருடத்தில் மாறக்கூடியவைதான். ஆனால் ஒரே வண்டியில் இத்தனை மாற்றம் என்றால் தகட்டையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

#3 மணி72

390, 7500 பவுண்டு, ஒரிஜினல் தகடு. இதுல யோசிக்க என்ன இருக்கு? வாங்கிப் போடுங்க அண்ணே. கியர்பாக்ஸ் மாத்துனதை எல்லாம் குறையா சொன்னா பழைய வண்டியே வாங்க முடியாது.

#4 எஞ்சின் பித்தன்

"390" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது: அளந்து பார்த்தீர்களா?

360-க்கும் 390-க்கும் வெளியே ஒரு வித்தியாசமும் கிடையாது. ஒரே எஃப்இ எஞ்சின் குடும்பம், ஒரே பிளாக் உருவம், இரண்டுக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 4.05 அங்குலம். மாறுவது ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மட்டும்: 360-க்கு 3.50, 390-க்கு 3.78. வாங்குகிறவர் கண்ணால் கண்டுபிடிக்க மாட்டார் என்று தெரிந்தே 360-ஐ 390 என்று விற்பது அமெரிக்காவில் ரொம்பப் பழைய பழக்கம்.

செய்ய வேண்டியது இது. ஒன்றாம் சிலிண்டர் (பயணி பக்கம், முன்னால் இருப்பது) ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பேட்டரியைப் பிரித்துவிட்டு, மற்ற பிளக்குகளையும் கழற்றினால் எஞ்சினைக் கையால் திருப்பச் சுலபம். மெல்லிய மரக்குச்சியைத் துளையில் விட்டு, கிராங்க் போல்ட்டில் ரேட்செட் போட்டு மெல்லத் திருப்புங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு கோடு, அடிக்குப் போகும்போது ஒரு கோடு. உலோகக் கம்பி வேண்டாம், சிலிண்டர் சுவரைக் கீறும். எஃப்இயில் பிளக் சாய்வாக இருப்பதால் குச்சி நேராக இறங்காது, அளவு கொஞ்சம் முன்னே பின்னே வரும். பரவாயில்லை. இரண்டு ஸ்ட்ரோக்குக்கும் நடுவே சுமார் 7 மில்லிமீட்டர் வித்தியாசம், குழம்ப வழியில்லை.

காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டில் சின்னத் தகரத் துண்டு தொங்குகிறதா என்றும் பாருங்கள். ஃபோர்டு எஞ்சின் ஆலையில் மாட்டிய அடையாளம் அது. கன அங்குலம், வருடம் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் முதல் ரிப்பேரிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

#5 செல்வன்_சாக்

தகரத் துண்டு இல்லை. ஆனா பிளாக் முன்னாடி பெரிய எழுத்துல "352"ன்னு வார்த்திருக்கு! 360-மும் இல்லை 390-மும் இல்லை, 1967-க்கு முன்னாடி எஞ்சினா இது?

#6 எஞ்சின் பித்தன்

அந்த 352-ஐப் பார்த்துப் பதறாதீர்கள். 352 எஞ்சின் 1958-ல் வந்தது. அந்த வார்ப்பு அடையாளம் பிறகு 360, 390 பிளாக்குகள் பலவற்றிலும் அப்படியே இருக்கும். அளவைச் சொல்ல அது பயன்படாது. பிளாக்கின் வார்ப்பு எண்ணைத் தேடுங்கள். டி2டிஇ (D2TE) என்று ஆரம்பித்தால் முதல் டி (D) எழுபதுகள், 2 என்பது 1972, அடுத்த டி (T) லாரி, இ என்பது எஞ்சின் பிரிவு. சி8 என்று இருந்தால் 1968-ல் வரைந்த உருப்படி. இது வரைபடத்தின் வருடம், வார்த்த நாள் அல்ல. வார்த்த நாளுக்குத் தனிக் குறியீடு உண்டு: 2சி14 என்றால் 1972, மார்ச் (மூன்றாவது எழுத்து), 14-ம் தேதி.

அதிலும் 360-ஆ 390-ஆ என்று தெரியாது. குச்சிதான்.

#7 கோவை டிங்கர்

தம்பி, நான் ஊர்ல பாடி பட்டறை வெச்சிருக்கேன். ஃபோர்டு லாரி எனக்குத் தெரியாது, கதவு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தகடு எங்க இருக்கு? கதவுல. கதவு எதுல இருக்கு? ரெண்டு கீல்ல. ஆறு போல்ட்டைக் கழட்டுனா வேற கதவு. இடிபட்ட வண்டிக்கு முதல்ல மாத்துறதே டிரைவர் கதவைத்தான்.

கதவைத் தொறந்து கீல் மறைவுல, பூட்டுக்குக் கீழ, ரப்பர் பீடிங்கைத் தூக்கி உள்ள பாரு. அப்புறம் கேபினுக்குப் போ. டேஷ்போர்டு அடிப்பக்கம், க்ளவ் பாக்ஸைக் கழட்டிட்டு உள் தகரம், சீட்டுக்குப் பின்னால. அங்கெல்லாம் எந்த டிங்கரும் ஸ்ப்ரே கன்னைக் கொண்டுபோக மாட்டான், நானும் போனதில்ல. ரெண்டு இடத்துலயும் அடிக்கலர் ஒண்ணா இருந்தா கதவு வண்டியோடது. இல்லைன்னா அது வேற வண்டியோட ஜாதகம்.

#8 பழைய இரும்பு

டிங்கர் அண்ணன் சரியான இடத்தில் கை வைத்தார். நான் சொல்ல வந்ததும் அதுதான். 1967 முதல் 1972 வரை இந்தத் தலைமுறைக் கதவுகள் ஒன்றுக்கொன்று மாட்டும். கலிபோர்னியா காயலான் கடைகளில் இந்த வண்டிகள் குவிந்து கிடந்த காலம் உண்டு. துருப்பிடித்த கதவைத் தூக்கிப்போட்டு நல்ல கதவை மாட்டும்போது தகட்டைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு அது வெறும் பழைய லாரி.

செல்வன், சீட் பின்னால் பார்க்கும்போது கவனம். இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கும். டார்ச் போதும், லைட்டர் வேண்டாம்.

#9 மணி72

ஃபோர்டு கம்பெனி அடிச்ச தகடு பொய் சொல்லுமா? எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி?

#10 கோவை டிங்கர்

தகடு பொய் சொல்லல தம்பி. அது தன்னோட வண்டியைப் பத்தி உண்மையைத்தான் சொல்லுது. அந்த வண்டி இதுதானாங்கிறதுதான் கேள்வி.

#11 சாரதா_மிச்சிகன்

கதவைப் பற்றி வாதாடுவதை விட ஃபிரேமைப் பாருங்கள். வாரண்டி எண் ஃபிரேமிலும் அடிக்கப்பட்டிருக்கும். பானெட்டைத் திறந்து, பயணி பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், முன்பக்கமாகத் தேடுங்கள். கிரீஸும் சேறும் பெயின்டும் மேலே படிந்திருக்கும். கம்பி பிரஷை மென்மையாக, கரைப்பான் தொட்டுப் பயன்படுத்துங்கள். கிரைண்டர், சாண்ட் பேப்பர் எதுவும் அந்த இடத்தின் அருகே போகக்கூடாது. எண்ணை அழித்தது போலத் தெரிந்தால் பிறகு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வாகன அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் இங்கே கூட்டாட்சிக் குற்றம்.

விற்பவரிடம் பிங்க் ஸ்லிப்பை (வண்டியின் உரிமைப் பத்திரத்தை) கேளுங்கள். அதிலுள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டியது ஃபிரேம் எண். கதவில் இருப்பதும் பிங்க் ஸ்லிப்பில் இருப்பதும் ஒன்றாக இருந்து, ஃபிரேமில் வேறு இருந்தால், அந்த வண்டியை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைந்தாலும்.

#12 கோவை டிங்கர்

எண் மங்கலா இருந்தா நம்மூர் வழி இருக்கு. இன்சூரன்ஸுக்கு சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட் எடுப்போம்ல, அதே. துடைச்சுட்டு, மேல மெல்லிசான டிரேசிங் பேப்பரை டேப் போட்டு ஒட்டி, மெத்து பென்சிலைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தேய். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் காகிதத்துல எந்திரிக்கும். ரெண்டு மூணு பிரிண்ட் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு வெளிச்சத்துல பாரு.

#13 செல்வன்_சாக்

போய்ட்டு வந்தேன். டிங்கர் அண்ணனுக்கு ஒரு பெரிய கும்பிடு.

கதவோட கீல் மறைவுல நீலத்துக்குக் கீழ வெள்ளை. க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால தகரம் பச்சை. டேஷ் அடிப்பக்கமும் பச்சை. பயணி பக்கக் கதவோட உள்பக்கமும் பச்சைதான்.

ஃபிரேம் எண் கண்ணுக்குச் சரியாத் தெரியல, பென்சில் பிரிண்ட்ல தெளிவா வந்துச்சு: எஃப்25 ஒய் ஆர் பி•••••. அந்த கடைசி "பி" ஆங்கில எழுத்து வரிசையில "என்"னுக்கு அப்புறம் வர்ற P, ரெண்டாவது எழுத்தான B இல்லை. பிங்க் ஸ்லிப் எண்ணும் இதேதான், எழுத்துக்கு எழுத்து. அப்ப கதவு மட்டும்தான் வேற வண்டியோடது?

#14 சாரதா_மிச்சிகன்

நல்ல செய்தி. காகிதமும் ஃபிரேமும் ஒன்று. சட்டப்படி வண்டி சுத்தம். கதவு ஒரு உதிரிபாகம், அவ்வளவுதான்.

#15 பழைய இரும்பு

இனி கதவுத் தகட்டை மறந்துவிடுங்கள். வெள்ளையும் ஆட்டோமேட்டிக்கும் சியாட்டிலும் 390-ம் எல்லாம் அந்தக் கதவு பிறந்த வண்டிக்குச் சொந்தம்.

உங்கள் வண்டியைப் பற்றி ஃபிரேம் எண் சொல்வது இவ்வளவு: எஃப்-250, இரண்டு சக்கர ஓட்டம், 360 வி8, அதே மில்பிடாஸ் ஆலை, 1972 மாடல். அவ்வளவுதான். நிறம், கியர்பாக்ஸ், ஆக்சில் விகிதம், எடை வரம்பு எதுவும் அந்த எண்ணில் இல்லை. அவையெல்லாம் தொலைந்துபோன தகட்டில் மட்டும் இருந்தன. அதனால் ஒவ்வொன்றையும் வண்டியிடமே கேட்க வேண்டும்.

நிறம் தெரிந்துவிட்டது, பச்சை. வீல்பேஸை டேப் வைத்து அளந்துவிடலாம்.

கியர்பாக்ஸ்: 4 ஸ்பீடு என்றால் பெரும்பாலும் வார்னர் டி-18 அல்லது நியூ பிராசஸ் 435. மேல்மூடி அலுமினியம் என்றால் 435, வார்ப்பிரும்பு என்றால் டி-18. காந்தம் வைத்துப் பாருங்கள். பிறவியிலேயே மேனுவலா என்பதற்கு ஸ்டீயரிங் தண்டைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்திருந்தால் லீவர் அந்தத் தண்டில் இருந்திருக்கும், அந்த இடம் காட்டிக்கொடுக்கும். தரையில் கியர் ராடைச் சுற்றியுள்ள மேட்டு மூடியை நம்பாதீர்கள். அது போல்ட்டில் நிற்பது, யாரும் மாற்றலாம்.

பின் ஆக்சில்: எஃப்-250 என்றால் டானா 60, எட்டு போல்ட் சக்கரம். மூடியின் போல்ட் ஒன்றில் சின்னத் தகடு தொங்கலாம். அதில் 41-10 என்றால் பல் எண்ணிக்கை, வகுத்தால் 4.10. 41-11 என்றால் 3.73. 46-13 என்றால் 3.54. தகடு இல்லையென்றால் பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இரண்டையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்று சுற்றி, டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

எடை வரம்பை மட்டும் இப்படி ஊகிக்க முடியாது. ஸ்பிரிங் இலைகளை எண்ணிப் பார்க்கலாம், ஆனால் ஐம்பது வருடப் பண்ணை வண்டியில் யாராவது ஒரு இலை கூட்டியிருப்பார்கள். அதற்கு மார்ட்டி அறிக்கைதான் வழி. ஃபோர்டின் 1967 முதலான தயாரிப்புப் பதிவுகளை மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் உரிமம் பெற்று வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டி எப்படி ஆர்டர் செய்யப்பட்டது என்று எடுத்துத் தருவார்கள். ஃபிரேம் எண்ணைக் கொடுங்கள். கதவு எண்ணைக் கொடுத்தால் யாரோ ஒருவருடைய வெள்ளை லாரியின் வரலாறு உங்களுக்கு வரும்.

#16 மணி72

சரி, ஒத்துக்கிறேன். ஆனா இப்ப கேக்குறேன். சரியான எண்ணோட புதுத் தகடு அடிச்சுத் தர்றவங்க இருக்காங்க. மார்ட்டி அறிக்கை வந்ததும் அதை வெச்சு ஒண்ணு அடிச்சு மாட்டிட்டா வேலை முடிஞ்சுதே?

#17 சாரதா_மிச்சிகன்

நான் செய்யமாட்டேன். அடையாள எண் உள்ள தகட்டை நாமே கழற்றுவதும் வேறொன்றை மாட்டுவதும் சட்டத்தின் விளிம்பில் நடக்கிற வேலை. வழக்கறிஞரையோ நெடுஞ்சாலைக் காவல்துறையையோ கேட்காமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். நாளைக்கு வாங்குகிறவரும் புதுத் தகட்டைப் பார்த்தால் "எதை மறைக்கிறார்கள்?" என்றுதான் கேட்பார்.

#18 பழைய இரும்பு

எனக்கும் அதே கருத்து, ஆனால் வேறு காரணத்தால். புதுத் தகடு மாட்டினால் இந்த இழையில் நடந்தது எல்லாம் மறைந்துபோகும். அடுத்த வாங்குபவர் தகட்டைப் படித்து, கதவு வண்டியோடு பிறந்தது என்று நினைப்பார். கதவு மாறியது நடந்த விஷயம். பென்சில் பிரிண்ட், மார்ட்டி அறிக்கை, கீல் படங்கள் மூன்றையும் ஒரு உறையில் போட்டு வண்டியோடு வையுங்கள். எந்தத் தகட்டைவிடவும் அது மதிப்பு.

மணி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கண்காட்சிக்கு வைக்கிறவர்கள் மறுபதிப்புத் தகடு போடுகிறார்கள், அந்த உலகத்தில் அது சகஜம். உழைக்கிற லாரிக்கு எதற்கு?

#19 எஞ்சின் பித்தன்

எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், எஞ்சினை மறந்துவிட்டீர்கள். ஃபிரேம் 360 என்கிறது. விற்பவர் 390 என்கிறார். யாராவது பிறகு 390 மாட்டியிருந்தால் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். குச்சி போட்டீர்களா இல்லையா?

இன்னொன்று. விளம்பரப் புத்தகங்களில் 360-க்கு 215, 390-க்கு 255 குதிரைசக்தி என்று படித்துவிட்டு, கதவுத் தகட்டில் அதைவிடக் குறைவாக ஒரு எண்ணைப் பார்த்து "எஞ்சினை மாற்றிவிட்டார்கள்" என்று வருவார்கள். தகட்டில் இருப்பது நெட் அளவு, விசிறியும் புகைக்குழாயும் ஆல்டர்னேட்டரும் மாட்டிய நிலையில் வருவது. புத்தகத்தில் இருப்பது கிராஸ் அளவு. இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

#20 செல்வன்_சாக்

போட்டேன். மச்சானை ரேட்செட் திருப்பச் சொல்லி நான் குச்சியைப் பிடிச்சேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல மூணரை அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூட. 3.78 வரவே இல்லை. ஆக 360. விற்கிறவர் முன்னாடிதான் அளந்தேன், அவர் டேப்பை வாங்கி அவரே ஒரு தடவை வெச்சுப் பார்த்தார்.

பின் ஆக்சில் தகட்டுல 41-10. கியர்பாக்ஸ் மேல்மூடில காந்தம் ஒட்டுச்சு, அப்ப டி-18. ஸ்டீயரிங் தண்டுல லீவர் இருந்த தடயமே இல்லை.

கேம்பர் ஸ்பெஷல் மட்டும் பாக்கி.

#21 பழைய இரும்பு

கேம்பர் ஸ்பெஷல் என்று தகடு நேராகச் சொல்லாது, அது இருந்தாலும் தெரிந்திருக்காது. அது ஒரு மொத்தப் பொதி: பெரிய ரேடியேட்டர், பலமான பேட்டரியும் ஆல்டர்னேட்டரும், டேஷில் விளக்குக்குப் பதில் மீட்டர், பின்னால் கேம்பர் வீட்டுக்கு மின்கம்பி. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் "கேம்பர் ஸ்பெஷல்" எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், கடையில் கிடைக்கும். பெட்டிக்கு அடியில் ஃபிரேமோடு ஓடும் அந்தத் தனி மின்கம்பிக் கட்டைத் தேடுங்கள். இருந்தால் மார்ட்டியிலும் வர வாய்ப்பு அதிகம்.

#22 செல்வன்_சாக்

கம்பிக் கட்டு இருக்கு, பின் பம்பர்கிட்ட யாரோ வெட்டி டேப் சுத்தியிருக்காங்க. பக்கவாட்டு எழுத்து பழசுதான், ஆனா ஒரு பக்கம்தான் இருக்கு.

வண்டியை வாங்கியாச்சு. 360 விலைக்கு. விற்கிறவர் பெருசா வாதாடல, அவருக்கும் கதவு எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியலையாம், அவங்க அப்பா மாத்தியிருக்கலாம்னார். 1976-க்கு முந்தின வண்டிங்கிறதால ஸ்மாக் டெஸ்ட் (புகைப் பரிசோதனை) தொல்லையும் இல்லை. மார்ட்டிக்கு ஃபிரேம் எண்ணை அனுப்பியிருக்கேன், வந்ததும் இங்க போடுறேன்.

#23 கோவை டிங்கர்

வாழ்த்துகள் தம்பி. பச்சை அடிக்கிறதா நீலத்தோட விடுறதா?

#24 செல்வன்_சாக்

இப்போதைக்கு நீலம்தான் அண்ணே. முதல்ல பிரேக்.